அறுபதில் ஆடும் வண்டி

“உங்களாலதாங்க ஆடுது!”

“என்னாலயா? பின்னாடி உக்காந்து நாட்டியமா ஆடறேன்? வண்டியே கோளாறு! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள—”

“திருப்பிக் குடுக்க மாட்டேன்!”

“—குடுத்துடலாம்னு சொல்றேன், முழுசாக் கேளேன்!”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். “ஒருத்தர் ஒருத்தரா. வண்டி யாருது?”

“என்னுதுதான் அண்ணே,” என்றாள் மனைவி. “பழைய வண்டிக் கடைல எடுத்தேன். ஓட்டறது நான், இவர் பின்சீட்டு. அறுபதைத் தொட்டா ஹேண்டில் பார் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறுது. பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பிடலாம். இன்னிக்கு ஏழாவது நாள். ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் வச்சுக்கிறதுன்னு வீட்ல பேச்சு. இவர் தலையாட்ட மாட்டேங்கிறார்.”

“ஆட்டறதைத்தான் வண்டியே பார்த்துக்குதே,” என்றார் கணவர்.

மெக்கானிக் வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைச் சுழற்றினார். ரிம்மில் கோட்டம் இல்லை. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கினார். பேரிங் கெட்டியாக இருந்தது. காற்றும் சரி. தனியாக ஓட்டிப் போய்த் திரும்பினார்.

“எழுபது போனேன். டம்ளர்ல தண்ணி வச்சிருந்தாக்கூடச் சிந்தியிருக்காது.”

“கேட்டீங்களா?”

“அவருக்குக் கைபலம். அமுக்கிப் பிடிச்சிருப்பார்.”

“அமுக்கிப் பிடிக்க இது என்ன முரட்டு மாடா சார்? வழக்கமா எப்படிப் போவீங்களோ, அப்படியே ரெண்டு பேரும் போங்க. நான் பின்னாலயே வர்றேன்.”

ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மெக்கானிக் சிரித்துக்கொண்டே தன் வண்டியிலிருந்து இறங்கினார்.

“சார், உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல உக்காந்திருக்கிறது யாரு?”

“யாருமில்லையே. என் ஆபீஸ் பை.”

“பைக்கு மெத்தை சீட்டு, உங்களுக்குக் கேரியர் கம்பியா? எதுக்கு இந்தத் தொங்கல்?”

கணவர் பையின் வாரைத் திருகினார். “தெரிஞ்சவங்க பார்க்கிற ரோடு. கொஞ்சம் தள்ளி உக்காந்தா, யாரோ லிஃப்ட் கேட்டு வர்றான்னு நினைச்சுப்பாங்க...”

“அட மனுஷா! பதினாறு வருஷமா குடும்பம் நடத்தறேன், உங்களுக்கு லிஃப்ட்டா குடுத்துட்டிருக்கேன்?”

“பின்சக்கரத்துக்கும் பின்னால எண்பது கிலோ தொங்குது,” என்றார் மெக்கானிக். “முன்சக்கரம் லேசாயிடுது. தரைல பிடிப்பில்லாம வேகத்துல உதறுது. வெட்கமெல்லாம் வண்டிக்கு எங்க சார் புரியும்? பையை முதுகுல மாட்டுங்க. முன்னால நகருங்க. இன்னும். அவங்க கடிக்க மாட்டாங்க.”

“அதைச் சொல்ல முடியாது.”

கிளம்பினார்கள். அறுபது வந்தது, அறுபத்தைந்தும் வந்தது. ஹேண்டில் பார் சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் வாய்க்குள் ஏதோ பாடினாள்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் வந்து நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே கணவருடைய மேலாளர், புருவத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் அரை அங்குலம் பின்னால் நகர்ந்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “வண்டிக் கடைக்கு இடது பக்கம், வீட்டுக்கு நேரா. சீக்கிரம் சொல்லுங்க, பச்சை விழப்போகுது.”