ஐந்தாம் லயத்துக்கு வந்த உத்தரவு

சின்னக்கானலுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் அழகுமலைக்கு இருந்த மரியாதை இங்கிலீஷால் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து பத்தாவது தேறியவன் அவன் ஒருத்தன்தான். இருபத்திரண்டு வயசில் ஆபீஸ் எழுத்தர் வேலை கிடைத்ததும், பெரிய ஆட்கள்கூட அவனைக் கண்டால் பீடியை மறைத்தார்கள்.

எழுபத்துநாலாம் வருஷம், ஆடி மாசம். பெரிய கிளார்க் சுவக்கீன் தாலுக்கா ஆபீஸ் வேலையாக தேவிகுளம் போயிருந்தார். துரையும் மூணாறுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது மேசையில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனார். ஐந்தாம் லயம் சுருளியம்மாள் பத்து நாளாக மஸ்டருக்கு, அதாவது காலையில் பேர் வாசித்து வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, வரவில்லை என்றும், நாளைக் காலை அவளைத் தவறாமல் ‘டர்ன் அவுட்’ செய்ய வேண்டும் என்றும் அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அந்தச் சொல் அழகுமலைக்குத் தெரியும். போன வருஷம் லயத்தில் சாராயம் காய்ச்சிய ரெண்டு பேரை வெளியேற்றிய கடிதத்தில் அவனே அதை டைப் அடித்திருக்கிறான். பத்து நாள் வராததற்கு வீட்டைப் பிடுங்குவார்களா என்று ஒரு சந்தேகம் தட்டத்தான் செய்தது. சுவக்கீன் வரட்டும் என்று வைத்திருக்கலாம். ஆனால் ஆபீஸை நம்பி விட்டுப்போன ஒரே நாளில், சீட்டைப் படிக்கத் தெரியாமல் விழித்தான் என்று பேர் வாங்க அவனுக்கு மனசில்லை.

சாயங்காலம் ஐந்தாம் லயத்துக்குப் போனான். உள்ளே சுருளியம்மாளின் மகள் அழகுத்தாய் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளாகப் படுத்திருந்தாள். அடுப்படியில் சுக்கு நசுக்கிக்கொண்டிருந்த சுருளியம்மாள் எழுந்து வந்தாள்.

"அத்தே, நாளைக் காலையில வீட்டைக் காலி பண்ணணுமாம். துரை உத்தரவு."

"பச்ச உடம்புக்காரிய வச்சிக்கிட்டு எங்கய்யா போவேன்? அவளப் பாக்கத்தானே வேலைக்கு வரல. நீ துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"துரை ஊர்ல இல்ல. எழுத்துல இருக்கு, நான் என்ன செய்ய?"

அவள் கையில் சுக்கோடு வாசல்வரை வந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு சுவக்கீன் வந்து சேர்ந்தார். அழகுமலை நடந்ததைச் சொன்னான். அவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"அடப் பாவி! மஸ்டரைப் பத்தி எழுதியிருக்காரு. வேலைக்கு வர வைன்னு சொல்லியிருக்காருடா."

"டர்ன் அவுட்னா வெளியேத்துறதுதானே சார்?"

"ஆளைத் துரத்தினாலும் அதுதான், ஆள் வேலைக்கு வந்தாலும் அதுதான். விளக்கை அணைச்சாலும் அது. பெட்டியக் கவுத்துக் கொட்டினாலும் அது. ஃபாக்டரியில இன்னைக்கு எத்தனை கிலோ தூள் எடுத்தோம்னு கேட்டாலும் அதே சொல்லுதான். முன்னாடி பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேணாமா? போ, அவங்க எங்கன்னு பாரு!"

ஐந்தாம் லயத்தில் கதவு திறந்து கிடந்தது. விடியுமுன்னே மழையோடு போடிக்கு நடந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அழகுமலை கொழுந்து லாரியில் தொற்றிக்கொண்டு பாதி தூரம் போனான். மீதியை ஓடினான்.

பூப்பாறை தாண்டி ஒரு ஏலக்காய் ஸ்டோரின் இறவாரத்தில் அவர்கள் ஒண்டியிருந்தார்கள். பிள்ளை பாட்டியின் சேலை மடிப்புக்குள் தூங்கியது. அழகுத்தாய் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வாங்க அத்தே," என்றான் மூச்சிரைக்க. "துரை மனசு மாறிட்டாரு."

வரும் வழியெல்லாம் கூட்டிச் சேர்த்து வைத்திருந்த பொய் அது. சுருளியம்மாள் எஸ்டேட் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்த மவராசன் நல்லா இருக்கணும். ஓடி வந்து சொன்ன நீயும் நல்லா இருக்கணும்யா."

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மழைத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"துரை போகச் சொல்லவே இல்ல அத்தே. வேலைக்கு வரத்தான் சொன்னாரு. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

அவள் கை மெல்ல இறங்கியது. பிள்ளையைச் சேலையால் இன்னும் இழுத்து மூடினாள்.

"எனக்குத்தான் அந்த பாஷை தெரியாது. உனக்கும் தெரியலேன்னா, தெரியலேன்னு சொல்றதுக்கென்ன தம்பி?"

ஒரு ஜீப்பை மறித்து அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தான். அழகுத்தாய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்து பிழைத்தாள். ஆனால் பால் வற்றிப்போனது. பிள்ளை புட்டிப்பாலில் நோஞ்சானாக வளர்ந்தது. நடந்ததை சுவக்கீன் துரையிடம் பதமாகச் சொல்லி, அழகுமலையின் வேலை போகாமல் பார்த்துக்கொண்டார். லயத்துச் சனங்கள்தான் மறக்கவில்லை. ஊரிலிருந்து வந்த தந்தியைக்கூட, அவன் வீட்டைத் தாண்டிப் போய் சுவக்கீனிடம் நீட்டினார்கள்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு திங்கட்கிழமை சுருளியம்மாள் மஸ்டருக்கு வந்தாள். அழகுமலை பேர் வாசித்தான். அவள் முறை வந்தபோது குரல் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, கையை மட்டும் உயர்த்தி நின்றிருந்தாள்.