பட்டாபி வீட்டு டிவியிலிருந்து விழுந்தவை

பீமவரத்தில் இறால் தீவனம் விற்கும் பட்டாபியின் வீட்டு டிவியிலிருந்து, இறால் விலை கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கிய செவ்வாய்க்கிழமை பிற்பகலில், ரோஸ் நிறக் காகிதத் துண்டுகள் கொட்டின. ஊரில் விலை இறங்கியதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபடி சேனல்களைத் தள்ளிக்கொண்டிருந்தார் பட்டாபி. பக்திச் சொற்பொழிவு, குக்கர் விளம்பரம், மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும் செய்தி எல்லாம் தாண்டி, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சேனலில் 'புலிகட்டு வீரய்யா' ஓடியது. கல்லூரிக் காலத்தில் சட்டை கிழிய முண்டியடித்து, முதல் காட்சியே பார்த்த படம். ரணதீர் பாபு புகைக்கு நடுவே எருமை மேல் வரும் இடத்தில், அன்று பட்டாபி திரையை நோக்கி வீசிய காகிதங்கள் ஒன்று விடாமல் திரும்பி வந்து அவர் தலையிலும் பனியனிலும் விழுந்தன. ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை. துடைப்பத்தைத் தேடி ஓடினார்.

காரணம், மாமனார் தர்மாராவ். அவர் ரணதீருக்குப் போட்டி நடிகரான சாரதி குமாரின் ரசிகர் மன்றத்துக்கு ஆயுள் தலைவர். அந்த ஊரில் பெண் கொடுப்பவர்கள் கோத்திரத்துக்கு அடுத்தபடியாக, சிலர் அதற்கும் முன்னால், பையன் யாருடைய ரசிகன் என்று விசாரிப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் சுவர் முழுக்க சாரதி குமார் சிரிப்பதைக் கண்ட பட்டாபி, யாரும் கேட்கும் முன்பே அவர்தான் தங்கள் குலதெய்வம் என்று சொல்லிவிட்டார். பெண் ரத்னமாலா அவ்வளவு அழகு. ரணதீர் ரசிகன் இருக்கும் வீட்டில் ஒரு பருக்கை தொடமாட்டேன் என்று தர்மாராவ் கட்டவுட் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தது தாம்பூலம் மாற்றிய பிறகுதான் தெரிந்தது. அதன்பின் முப்பது சொச்சம் வருடங்கள் பட்டாபி சாரதி குமார் பிறந்தநாளுக்குப் புளிஹோரா பொட்டலம் கட்டினார். அவர் படம் ஊத்திக்கொண்டபோதெல்லாம் துக்க முகம் வைத்துக்கொண்டார். மாமியார் காலமானதும் தர்மாராவ் சுவர்ப்படங்களோடு மகள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்.

அந்தச் சேனல் வாரம் தவறாமல் வீரய்யாவைப் போட்டது. வேறு படம் வாங்க வசதியில்லை போலும். பட்டாபியால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாமனார் தூங்கும் நேரத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு, குடையைத் தலைகீழாகப் பிடித்துக் காகிதங்களை ஏந்தினார். ஆனாலும் மின்விசிறி சும்மா இருக்குமா? ஒருநாள் தர்மாராவின் கோங்குரா பச்சடிக்குள் ரோஸ் துண்டு ஒன்று கிடந்தது. அவர் அதைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுவாரம் பொய்க் குறட்டை விட்டுக்கொண்டிருந்து, எருமை வரும் நேரத்துக்குச் சரியாக எழுந்து வந்து நின்றார்.

"அல்லுடுகாரு, தலையில என்னது?"

"பொடுகு, மாமய்யா."

"ரோஸ் கலர்லயா?"

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்த ரத்னமாலா கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் வீரய்யா ஜமீன்தாரைக் குளத்தில் தள்ளினான். அவள் மடியில் ஒரு மல்லிகைச் சரம் விழுந்தது, வாடாமல்.

"அம்மாயி, நீயுமா?" என்று மகளைக் கேட்டார் தர்மாராவ்.

"டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போறேன்னு சொல்லிட்டு நாலு தடவ பாத்தேன், நாயனா." கணவரின் பக்கம் திரும்பினாள். "நீங்க சாரதி ஆளுன்னு சொன்ன அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல."

பட்டாபி சரத்தை எடுத்து அவள் கொண்டையில் வைத்தார். அது கோணலாகத்தான் உட்கார்ந்தது.

தர்மாராவ் அன்றே உண்ணாவிரதம் தொடங்கினார். இத்தனை வருடம் இந்த வீட்டில்தானே சாப்பிட்டீர்கள் என்று மகள் கேட்டதற்கு, "தெரியாம சாப்பிட்டத சாமியும் பெருசா எடுத்துக்காது, சாரதியும் எடுத்துக்க மாட்டாரு" என்றார். வெளியிலாவது வாங்கித் தரலாம் என்று விசாரித்தால் டிபன் கடைக்காரர், பால்காரர், குளுக்கோஸ் ஏற்ற வந்த டாக்டர் வரை எல்லோரும் ரணதீர் ஆட்களாக இருந்தார்கள். தர்மாராவோ சர்க்கரை நோயாளி, எண்பதைத் தாண்டியவர். அடுத்த நாள் மாலைக்குள் உதடு வெடித்து, பேச்சு குழற ஆரம்பித்தது. மாமனார் செத்தால் தன் ரோஸ் காகிதத்தால்தான் செத்தார் என்றாகிவிடும் என்று பட்டாபி பயந்தார். அவ்வப்போது அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே, கட்டைவிரல் வீங்கும்வரை சேனல் சேனலாகத் தள்ளினார். கடைசியில், கீழே சேலை விளம்பரம் ஓடும் ஒரு சேனலில், இளம் சாரதி குமார் மழையில் நனைந்துகொண்டிருந்தார். கிழவரை நாற்காலியோடு தூக்கிவந்து டிவி முன் வைத்தார்.

"மாமய்யா, கண்ணத் தெறங்க. உங்க ஆளு."

டிவியிலிருந்து பால் கொட்டியது. தர்மாராவ் வாலிபத்தில் தியேட்டர் வாசலில் ஏணி போட்டு ஏறி, அந்தப் படத்தின் கட்டவுட்டுக்கு வாளி வாளியாய் ஊற்றிய பால். ரத்னமாலா அண்டா, குண்டான், தீவன வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எருமப்பால். தண்ணி கலக்கல." சிறிது யோசித்தார். "இது என் பாலு. இதக் குடிக்கலாம்."

ரெண்டு தம்ளர் குடித்தார். மீதியைக் காய்ச்சி ரத்னமாலா உறை ஊற்றினாள். காலையில் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் தோய்ந்திருந்தது. சாரதி தயிரில் பிசைந்த சோறும் சாரதி சோறுதான் என்று தர்மாராவ் தீர்ப்புச் சொல்லி, ஆவக்காய் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரத்தோடு அவர்கள் பால்காரரை நிறுத்திவிட்டார்கள்.