மூன்றாவது வரி

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 11.40 மணிக்கு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் கணினியிலிருந்து உதவி மன்றத்தில் ஒரு பதில் பதிவானது: "பிரச்சினை சரியாகிவிட்டது. நன்றி. பட்டியலில் இருந்த மற்றதையும் படித்தேன்."

லிப்ட் மெக்கானிக் அப்போது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குந்தியிருந்தார். லிப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் காலியாக நின்றிருந்தது. கீழே யாரோ ஒரு புண்ணியவான் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். கிரீஸ் படாத சுண்டுவிரலால் போனைத் தள்ளி, வந்த பதிலை அவர் படித்தார். இன்னொன்று தீர்ந்தது என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டார். போனைச் சட்டைப்பையில் வைக்கப் போனவர் மறுபடி எடுத்துப் படித்தார். மற்றதையும் என்றால் எதை?

பதிந்தவர் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் 'கண்ணாடிக்கடை'. முந்தின நாள்தான் சேர்ந்தவர். "கடைக் கணினியில் இடமில்லை என்று வருகிறது, எந்திரம் நின்றுவிட்டது, இதைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வீட்டுப்பெண் இன்று லீவு, உதவவும்" என்று கேட்டிருந்தார். மெக்கானிக் இரண்டாம் நிமிடமே பதில் போட்டார். "ஏற்கெனவே பேசித் தீர்த்த விஷயம். இந்த இணைப்பைப் பாருங்கள். அதில் உள்ள பட்டியலோடு உங்கள் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுங்கள்."

வரிக்கு வரி. மோட்டார் அறையின் இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அந்த மன்றத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்து, திருத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள். பேருந்து ஓட்டுநரின் வைஃபை வராது. கணக்கு டீச்சரின் பிரிண்டர் பாதிப் பக்கத்தோடு நிற்கும். பல்செட் செய்கிறவரின் கணினியில் சத்தம் வராது. கேட்பார்கள், யாராவது சொல்வார்கள். இன்று கேட்டவர் நாளை சொல்வார். கேள்வியும் பதிலும் அழியாமல் அங்கேயே கிடக்கும். அடுத்து வருகிறவனுக்கு உதவும் என்பதுதான் அவர்கள் வேதம்.

மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்று பேரில் மெக்கானிக் ஒருவர். பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். அங்கே அவருக்குப் பெயர் 'முழுசு'. யார் என்ன கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வியால் வந்த பெயர்: "திரையில் வந்ததை முழுசா ஒட்டுங்க. ஒரு வரிகூட வெட்டாதீங்க." லிப்ட் வேலையில் பிடித்துக்கொண்ட பாடம் அது. 'லிப்ட் ஓடல' என்று மட்டும் சொல்கிற ஆளை நம்பி இறங்கினால் ஒருநாள் கயிற்றோடு போகவேண்டியதுதான் என்பார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் பல்செட்காரர் அவரைக் கண்டாலே எழுந்து நிற்பார். "வாங்க முழுசு. நான் டீ பாதிதான் குடிச்சேன். மீதியையும் ஒட்டணுமா?"

பிப்ரவரி பதினேழாம் தேதி 'புள்ளி' என்ற பெயரில் ஒரு பெண் கேள்வி கேட்டிருந்தாள். கடை வேலைக்கும் சேர்த்து வைத்திருக்கும் மடிக்கணினியில் இடமே இல்லை, எதை அழித்தாலும் மறுநாள் நிரம்பிவிடுகிறது என்று. எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்றை மெக்கானிக் கொடுத்தார். அவள் முதல் இருபது வரிகளை ஒட்டினாள்.

மூன்றாவது வரியிலேயே விடை இருந்தது. கண்ணாடி வில்லையின் ஓரத்தைத் தேய்க்கும் எந்திரத்தோடு பேசுகிற ஒரு மென்பொருள், தான் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரே கோப்பில் எழுதி எழுதி, அதை யானை போல வளர்த்துவைத்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் எழுதினார்: "வெட்டியிருக்கீங்க. முழுசா ஒட்டுங்க."

"மீதி தேவையாங்க? சொந்த விஷயமெல்லாம் இருக்கு" என்று அவள் கேட்டாள்.

"வைத்தியர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாதும்மா. இங்க நாங்க ரெண்டும்தான்."

கீழே ஏழு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவள் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒட்டினாள். அதற்குப் பிறகு மெக்கானிக் விடையைச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது. கேள்வி தெளிவு, பட்டியல் முழுசு, பதில் கச்சிதம். கேள்வி என்றால் இப்படிக் கேட்கவேண்டும் என்று தலைப்புப் போட்டு, மறுநாள் அதை மன்றத்தின் முகப்பிலேயே நிலையாக நிறுத்தினார். 'கண்ணாடிக்கடை'க்கு அவர் அனுப்பிய இணைப்பும் அதுதான்.

பத்தொன்பதாம் தேதி அவள் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துடுங்க சார், ப்ளீஸ். எங்க சித்தப்பா கடையிலதான் நான் வேலை பாக்கறேன். எட்டு வருஷம். கண் பரிசோதனைப் படிப்புக்கு வெளியூர் போகப்போறேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல. நான் வாயாலதான் சொல்லணும். அவர் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்று மார்ச் 20க்குள்ள போகணும், இல்லன்னா இடம் கிடைக்காது."

"பார்க்கிறேன்" என்று மெக்கானிக் பதில் போட்டார்.

பார்க்கவில்லை. தீர்ந்த கேள்வியில் கைவைப்பதில்லை என்பது மன்றத்தின் விதி. ஆனால் அந்த விதியை எழுதியவரே அவர்தான், நினைத்திருந்தால் ஒரு நொடி வேலை. யார் போய் நானூறு வரி படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். பட்டியலை எடுத்தால் பதில் மொட்டையாக நிற்குமே என்றும் நினைத்தார். இரண்டாவது நினைப்புதான் உண்மை.

மோட்டார் அறையில் உட்கார்ந்து இப்போது அந்தப் பட்டியலை முதல்முறையாக முழுசாகப் படித்தார். முன்னூறு வரிக்கு மேல் போனதும் சின்னச் சின்னக் கோப்புகள் வந்தன. சித்தப்பா-அறுபதாம்-பிறந்தநாள். சேர்க்கை-விண்ணப்பம். நேர்முகம்-மார்ச்-2. அனுபவச்-சான்று-மாதிரி. சித்தப்பாவிடம்-சொல்ல-1. சித்தப்பாவிடம்-சொல்ல-2. மூன்று. நான்கு.

'கண்ணாடிக்கடை' அந்தச் சித்தப்பாதான். ஊரையே பொடி எழுத்துப் படிக்கவைக்கிற மனிதர். படிக்காமல் விடுவாரா?

பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தவர் படியேறியே வந்துவிட்டார். "என்னங்க, தூங்கிட்டீங்களா? மேலேர்ந்து ஒரு சத்தத்தையும் காணோம்."

"இதோ முடிஞ்சுது" என்றார் மெக்கானிக். நடுவில் நின்ற லிப்ட் அரை மணி நேரத்தில் ஓடியது. அவருக்கு அதில் ஒரு நிம்மதியும் வரவில்லை.

மதியம் வீட்டுக்குப் போனவர் சாப்பிடாமல் கணினி முன் உட்கார்ந்து அந்தக் கேள்வியை மன்றத்திலிருந்தே அழித்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அன்று மாலை ஷிப்ட், கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள் அவள். "நானும் தெரியாமத்தான் கேக்கறேன். எங்க கடைக்கு ஒரு பொண்ணு வந்து தலைவலிக்கு மாத்திரை கேட்டா, நடுக்கடையில நிக்கவெச்சு உனக்கு வேற என்னென்ன வியாதின்னு முழுசா சொல்லுன்னா கேப்போம்?"

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"எழுதிக் கேட்டிருக்கா. பார்க்கிறேன்னு சொல்லியிருக்கீங்க. இதுல தெரியாமங்கறது எங்க வருது?" செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நேர்ல போங்க. மெசேஜ் கிசேஜ் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. அங்கயும் நாலு பேர் சிரிச்ச முகம் போடப்போறாங்க."

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்த எந்திரம் ஊரிலேயே இரண்டு கடையில்தான் இருந்தது; இன்னொன்றின் முதலாளிக்கு வயது முப்பது. புதன்கிழமை மாலை மெக்கானிக் போனார். சுவர் முழுக்கக் காலி பிரேம்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றும் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளறையில் வில்லை தேய்க்கும் சத்தம் கேட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் சிறிய திருப்புளியால் ஒரு பிரேமின் காலை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பவர் பாக்கணுமா? சீட்டு இருக்கா?"

"இல்லீங்க. நான் மன்றத்துலேர்ந்து வரேன். உங்களுக்கு லிங்க் அனுப்பினது நான்தான்."

சித்தப்பா திருப்புளியைத் துணியில் துடைத்து வைத்தார். "முழுசு."

"ஆமாங்க."

"நல்லா வேலை செஞ்சுது. இப்ப எந்திரம் ஜம்முனு ஓடுது." உள்ளறைப் பக்கம் தலையை ஆட்டினார். "ஏதாவது மக்கர் பண்ணா அங்க கேளுங்க சித்தப்பா, தங்கமானவங்கன்னு அவதான் சொல்லிவெச்சிருந்தா. திங்கட்கிழமை பல்வலின்னு லீவு. நேர்முகம்-மார்ச்-2ன்னு உங்க லிஸ்ட்ல இருக்கு. பல்லு நல்லா பதில் சொல்லியிருக்கும்னு நெனக்கறேன்."

உள்ளே எந்திரம் நின்றது.

"ஐயா, தப்பு என்மேல. அந்தப் பொண்ணு இருபது வரிதான் போட்டுச்சு. முழுசாப் போடுன்னு நான்தான் அடம்பிடிச்சேன். அப்புறம் எடுத்துடுங்கன்னு கேட்டுச்சு. எடுக்கல."

"வேலைன்னா எல்லாம் தேவைப்படுமில்ல."

தலையை ஆட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். மெக்கானிக்கின் கண் எதிரே, பார்வைச் சோதனைப் பலகையில் எழுத்துகள் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக இறங்கின. "தேவைப்படலீங்க" என்றார். "விடை மூணாவது வரியிலயே இருந்துச்சு. பாத்துட்டேன். பாத்ததுக்கப்புறம்தான் மீதியைக் கேட்டேன்."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"பழக்கம்."

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். முன்கையில் வெள்ளையாகத் தேய்ப்புப் பொடி. "எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றாள். "பதில் போட்டீங்கல்ல, அப்புறம் என் லிஸ்ட்டைத் திரும்பப் பாத்தேன். மூணாவது வரி. ஒருவேளை நீங்க கவனிக்கலயோன்னு நெனச்சுக்கிட்டேன்."

மெக்கானிக்கால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா இருவரையும் பார்க்காமல் பிரேமைக் கையில் எடுத்தார். "எட்டு வருஷம் வேலை பாத்தான்னு எழுதிக் குடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? போறதும் சந்தோஷம்தான். எங்க அண்ணன் இருந்தா மார்தட்டியிருப்பார். நாலு தடவை எழுதியிருக்கா, எங்கிட்ட சொல்ல. அந்த நாலுல ஒண்ணாவது எங்கிட்ட வந்திருக்கலாம். வந்தது லிங்க்." பிரேமின் காலை மடக்கி விரித்துப் பார்த்தார். "அவ கேக்கட்டும். தரேன்."

"அதான் படிச்சாச்சே சித்தப்பா" என்றாள் அவள். "இனிமே நான் என்ன புதுசாக் கேக்கறது? திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி நின்னு கேக்கணுமா?"

"அப்படி யாரு சொன்னா?"

"நேத்து பூரா பேசாம இருந்தீங்கல்ல, அதுக்கு என்ன அர்த்தம்?"

"நீ பேசுவேன்னு இருந்தேன்."

வாசலில் ஒரு பெண்மணி பிரேம் பார்க்க வந்து, உள்ளே நிலவரத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

"நானே கேக்கறேன் ஐயா" என்றார் மெக்கானிக். "அந்தச் சான்றை எனக்காகக் குடுத்துடுங்க."

சித்தப்பா அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார். "நீங்க கேட்டதெல்லாம் போதும் தம்பி."

அவள் திரைக்குப் பின்னால் போனாள். எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. மெக்கானிக் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். மெல்லக் குறைந்து காணாமல் போகும்வரை அந்தச் சத்தம் அவர் கூடவே வந்தது.

ஒன்பதாம் தேதியும் பதினாறாம் தேதியும் அந்தப் பக்கம் வேலை இருப்பதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். இருவரும் உள்ளே இருந்தார்கள். ஒருவர் கல்லாவில், ஒருவர் திரைக்குப் பின்னால். ஒருமுறை அவள் வெளியே வந்து ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு வாயும் அசையவில்லை. உள்ளே போகலாமா என்று காலைத் தூக்கியவர், தூக்கிய காலைத் திரும்பிப் போகவே வைத்தார்.

மாதக் கடைசிச் சந்திப்பில், தீர்ந்த கேள்வியில் கைவைப்பதில்லை என்ற விதியை எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். பல்செட்காரர் எழுந்து நின்று, "ஏன் முழுசு, என்ன ஆச்சு? முழுசாச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் சொன்னார். மூன்றாவது வரியையும் சேர்த்துச் சொன்னார். விதி எடுக்கப்பட்டது.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, மார்ச் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சேர்க்கை முடிந்திருந்தது. அனுபவச் சான்று போய்ச் சேரவில்லை. இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள்தான் கடையைத் திறந்தாள்.

ஏப்ரல் மாதத்தில் அதே பிரச்சினையோடு மன்றத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். காட்டுவதற்குப் பழைய பக்கம் இல்லை. மெக்கானிக் மூவருக்கும் முதலிலிருந்து தனித்தனியாக எழுதினார். முதல் மூன்று வரிகளை மட்டும் ஒட்டச் சொன்னார்.