இடது மணிக்கட்டில் மூன்று தழும்புகள்

என் இடது மணிக்கட்டுக்கு மேலே மூன்று வட்டத் தழும்புகள் இருக்கின்றன. ஏழு வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது போட்ட சூடு. எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் காமாலை என்றால் சித்தேரி மலைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே குள்ளன் என்கிற மலைக்காரர் மஞ்சள் கிழங்கை நெருப்பில் கருக்கி, முக்கோணமாக மூன்று இடத்தில் வைப்பார். என்னை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவன் என் அண்ணன் தீர்த்தகிரி. என்னைவிட ஆறு வயது மூத்தவன். காமாலை சூட்டில் போனதா, தானாகப் போனதா, எனக்குத் தெரியாது. தழும்பு மட்டும் போகவில்லை.

அந்தத் தழும்பை வைத்து நான் செய்த காரியத்தைத்தான் சொல்கிறேன். எனக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

அண்ணன் லாரி டிரைவர். மண்டியிலிருந்து புளி, ஆமணக்கு, நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பொம்மிடி ஸ்டேஷனுக்கு வருவான். தொப்பூர் கணவாயில் பிரேக் விட்டுப்போன வண்டியைக் கவிழ்க்காமல் இறக்கியவன் என்று டிரைவர்கள் நடுவில் அவனுக்குப் பெயர் உண்டு. நான் அதே ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டில் இருந்தேன். மூட்டைகளின்மேல் போகிற ஊரையும் நம்பரையும் இங்கிலீஷில் மையால் எழுதுவது என் வேலை. அண்ணனுக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் படிக்க வேண்டுமென்று அவன் பதினாலு வயதில் வண்டி கழுவப் போனவன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஒரு காலையில் அவன் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றியபோது ஹேண்டில் எகிறி நெற்றிப்பொட்டில் அடித்தது. புண் ஆறிவிட்டது. இடது கண் ஆறவில்லை. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கருவிழி அப்படியே இருந்தது. அந்தக் கண்ணில் வெளிச்சம் என்று ஒன்று தெரியும், அவ்வளவுதான். இந்த விஷயம் அண்ணிக்கும் எனக்கும் கிளீனர் மாதுவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

யுத்தம் தொடங்கின மறுவருஷம் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்பளத்துக்கு லாரி, பஸ் ஓட்டுகிறவன் டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும்; கண், காது, கை, கால் சரியாக இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ். அண்ணன் அன்று மூட்டை இறக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"பச்சி, டாக்டருகிட்ட நீ போயிட்டு வாடா."

"நான் எதுக்குப் போவணும்?"

"எம் பேரைச் சொல்லு. நம்ம ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒண்ணுதானே. அம்மாவே மாத்தி மாத்திக் கூப்புடும்."

"இது வெளையாட்டு இல்லண்ணா. கண்ணு விசயம்."

"கண்ணு எனக்கு மட்டுந்தான்டா போச்சு. வயிறு வூட்டுல ஏழு பேருக்கு இருக்குது. ரெண்டு வருசமா ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கறேன்? ஒரு கோழியையாச்சும் அடிச்சிருப்பனா, சொல்லு."

அடித்ததில்லை. இடது பக்கத்தைப் பார்க்க முழுக் கழுத்தையும் திருப்பப் பழகியிருந்தான். அது போதாதென்று மாது இடது பக்கம் உட்கார்ந்து, "ஓரம் மாடு", "ஓரம் ஆளு" என்று சொல்லிக்கொண்டே வருவான். இப்படி இருவராகச் சேர்ந்து ஒரு ஜோடிக் கண்ணை வைத்து ஓட்டினார்கள். நான் அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். மனதைத் தேற்றுவதற்குக் காரணமா கிடைக்காது?

சேலத்தில் எங்களைத் தெரியாத ஒரு டாக்டரிடம் போனேன். அண்ணன் போட்டோவைக் கொடுத்தேன். நிதானமான மனிதர். ஒரு கண்ணை அட்டையால் மறைத்து, மறு கண்ணால் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிறகு அடுத்த கண். பின்னால் நின்று மெதுவாகப் பேசிக் காதைச் சோதித்தார். எல்லாம் முடிந்ததும் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போடறதில்லப்பா. அண்ணன் தம்பி, மாமன் மச்சான்னு ஆள் மாத்தி வர்றாங்க. அங்க அடையாளம் காட்டு."

நான் கையை நீட்டவில்லை. அவரே என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் வட்டமாக மூன்று சூட்டுத் தழும்புகள் என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த நல்ல மனிதர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் கிழங்கைக் கருக்கி அண்ணன் கையில் நானே மூன்று சூடு வைத்தேன். என் கையைப் பக்கத்தில் வைத்து இடம் பார்த்து வைத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது, காணாத கண்ணிலும்தான்.

"நீ அன்னைக்குக் கத்துன கத்துல அந்த மலையே அதிர்ந்துச்சு. என்னைப் பாரு, மூச்சு வுட்டனா?" என்றான்.

அண்ணி எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம்.

அடுத்த தை மாதம் ஒரு சந்தை நாள். பத்து மணிக்குள் சரக்கு வராவிட்டால் வேகனை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஷெட் குமாஸ்தா சொன்னார். அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அனுப்பியது நான்தான். மாது அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். போன ஆள் திரும்பி வந்து, "கிளீனர் இல்லாமதான் உங்கண்ணன் வண்டி எடுத்துட்டாருங்க" என்றான். ஓரம் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தும் தூரிகையை எடுத்து அடுத்த மூட்டையில் எழுத ஆரம்பித்தேன்.

ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். பாதி வழியில், ரோட்டோரப் புளியமரத்தடியில் கூட்டம். ஒரு பெண்ணைக் கிடத்திச் சேலையால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் மூங்கில் கூடை நசுங்கி, சாமை மண்ணில் கொட்டிக் கிடந்தது. சித்தேரியிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்த கருப்பி. லாரியின் இடது பக்கப் பாடிக் கட்டை தலையில் அடித்திருந்தது. பத்தடி பின்னால் நடந்து வந்த அவள் புருஷன் வேடியப்பன் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் ஓடிப்போகவில்லை. அவளைத் தூக்கி மரத்தடியில் கிடத்தித் தண்ணீர் விட்டுப் பார்த்தவன் அவன்தான். இப்போது லாரி படியில், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

சப் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார்கள். ஊர் மணியக்காரரையும் நாலு பேரையும் வைத்து விசாரணை நடந்தது. சப் இன்ஸ்பெக்டர் லைசென்ஸையும் சர்டிபிகேட்டையும் வாங்கிப் படித்தார். "இடது கையைக் காட்டு" என்றார். அண்ணன் காட்டினான். நான் வைத்த மூன்று சூட்டையும் அவர் குனிந்து எண்ணினார்.

"சரியா இருக்குது. ரெண்டு கண்ணும் பழுதில்லன்னு டாக்டர் எழுதியிருக்காரு" என்று வேடியப்பன் பக்கம் திரும்பினார். "கண்ணு தெரியற டிரைவர் ஓரத்துல போறவளை எதுக்குடா இடிப்பான்? உம் பொண்டாட்டிதான் மிரண்டு குறுக்க ஓடியிருக்கா."

"அவ ஓடலீங்க சாமி. மண்ணு மேலதான் நடந்தா. நான் பின்னாலயே வந்தனுங்க."

மணியக்காரர் குறுக்கிட்டார். "மலைக்காரங்களுக்கு ரோட்டுல நடக்கத் தெரியாதுங்க. ஆரன் சத்தம் கேட்டா மாடாட்டம் மிரளுவாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படும் யோக்கியதை எனக்கு இருந்தது என்று தெரியவில்லை.

கான்ஸ்டபிள் எழுதி முடித்ததைப் படித்தார்: கருப்பி என்பவள் லாரிச் சத்தத்துக்கு மிரண்டு ரோட்டின் குறுக்கே ஓடினாள். மணியக்காரரும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மைப்பெட்டியை வேடியப்பனிடம் நீட்டினார்கள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "செத்துப்போனவ மேல நான் எப்புடிங்க பொய் சொல்றது? நாளைக்கு எம் பசங்க கேட்டா, உங்கம்மா நடக்கத் தெரியாம செத்தான்னு சொல்லவா?"

"பேப்பர் பொய் சொல்லுமாடா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

வேடியப்பன் கீழே கிடந்த கருப்பியின் சும்மாட்டுத் துணியை எடுத்தார். கூடை சுமக்கத் தலையில் வைத்திருந்த துணி. ஒரு பக்கம் நனைந்து சிவந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அண்ணனிடம் போனார். அடித்தவன் ஒரு தரம் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டினார். அவர் நின்றது இடது பக்கம்.

அண்ணன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவன் இமைகூட அசையவில்லை. கன்னத்தில் ஈரம் பட்டதும்தான் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான்.

வேடியப்பன் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். "சாமி, இந்தாளுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியலீங்க" என்றார்.

"நீ பெரிய டாக்டரா? முத்திரை போட்ட பேப்பர் இருக்குது. வைடா கையை."

கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரலை மையில் அழுத்தினார். வேடியப்பன் கத்தவில்லை. "அவ ஓடலீங்க, அவ ஓடலீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தான். சொல்லாதே என்றானா, சொல் என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை முதுகில் சுமந்தவன். எனக்காக எழுத்தை விட்டவன். வீட்டில் ஏழு வயிறு. அத்தனையும் என் கண் முன்னால் வந்தது. அதற்கு நடுவில் அந்த மை பூசின விரல் தாளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்த் தாளின் மேல் என் இடது கையை வைத்தேன்.

"டாக்டரு பாத்து எழுதுன கை இதுங்க. அங்க போனது நானுங்க. எங்கண்ணனுக்கு இடது கண்ணு தெரியாது."

சப் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவர் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தழும்பு என்னோடு வளர்ந்து விரிந்து வெளுத்திருந்தது. அண்ணனுடையது இன்னும் சிவப்பு மாறாமல் சின்னதாக இருந்தது.

வேடியப்பன் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். மை பூசின விரலால் மூன்று தழும்பையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது எங்கப்பன் வெச்ச சூடு" என்றார்.

"குள்ளன் உங்கப்பாங்களா?"

அதுவரை எந்த மலைக்காரரையும் நான் 'ங்க' போட்டுப் பேசினதில்லை. அவர் தலையாட்டினார்.

"நோவு போச்சா?"

"போச்சுங்க."

அவர் என் கையை விட்டுவிட்டார்.

அப்புறம் நடந்தது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணனும் நானும் ஜெயிலுக்குப் போனோம். அவன் லைசென்ஸ் போனது, என் வேலை போனது. அண்ணி கூலிக்குப் புளி தட்டினாள். ஊரில் பாதிப் பேர் என்னை அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. சேலம் ஜெயிலுக்குக் கூட்டிப்போகும்போது ஒரே ஒரு தரம் சொன்னான்: "நீ சொல்லலேன்னா நானா சொல்லியிருப்பனான்னு தெரியலடா, பச்சி." அதற்குமேல் நாங்கள் அதைப் பேசினதில்லை. காலம் கடந்த உண்மை கருப்பியை எழுப்பிவிடவில்லை. சேலத்து டாக்டரிடம் நான் உண்மையாக இருந்திருந்தால் அவள் அன்று சாமை விற்றுவிட்டு மலையேறியிருப்பாள். இதை எந்த ஜெயிலும் கழிக்காது.

அன்று அந்தப் புளியமரத்தடியில் கான்ஸ்டபிள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதி முடித்துப் படித்தார். வேடியப்பன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னொருக்கா படிங்க சாமி."

கான்ஸ்டபிள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் படித்தார்: கருப்பி என்பவள் ரோட்டின் இடது ஓரத்தில், மண்ணின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் வேடியப்பன் சேலை மூடிக் கிடந்தவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு யாரும் பிடிக்காமல், தானே கட்டைவிரலை மையில் வைத்து, தாளில் அழுத்தினார்.