எலுமிச்சை மரத்தடி விளக்கு

விளக்குக் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்ற காலத்தில் எனக்குப் 'பல்பு அக்கா' என்று பெயர். கடையை மூடியபோது முதலாளி போட்ட கும்பிடும் இந்தப் பெயரும்தான் மிச்சம். வயது நாற்பத்தாறு. இன்னொரு கடையில் போய் நின்று இன்னொரு முதலாளியின் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்த தோட்ட விளக்குகளை நானே போய் நட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மின்வேலை படித்தேன், சான்றிதழ் வாங்கினேன், ஒரு கடப்பாரையும் வாங்கினேன். தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விளக்குப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வேலை போனில் வந்தது. பேசியவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகன். அவருடைய அப்பா இங்கே தோட்டம் வைத்த வீட்டில் தனியாக இருக்கிறாராம்.

"சாயங்காலமானா அப்பா தோட்டத்துலதான் உக்காந்திருப்பாரு மேடம். கேமரா வச்சிருக்கேன், ஆனா பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியல. நல்லா லைட் போட்டுக் குடுங்க. சரியா வந்துச்சுன்னா என் ஃபிரெண்ட்ஸ் நாலு பேர் வீட்டுக்கும் உங்களையே சொல்றேன். அவங்க அப்பா அம்மாவும் அங்க தனியாத்தான் இருக்காங்க."

நாலு வீடு! கால் தரையில் நிற்கவில்லை. அண்ணனிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார். தினமும் காலையில் ஒரு பூப்படம் அனுப்புவார். நான் திறந்து பார்த்ததும் அவர் பக்கம் இரண்டு நீலக் கோடு விழும். தங்கை உயிரோடு இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இருவரும் குரல் கேட்டுப் பேசிக்கொண்டது எப்போது என்று யோசித்தேன், பிடிபடவில்லை. எடுத்த போனை வைத்துவிட்டேன்.

பெரியவர் நெடுநெடுவென்று உயரம், கையில் தடி. நான் ஒற்றையாளாய்ப் பள்ளம் தோண்டி, ஒரு சாண் ஆழத்தில் கேபிளைப் புதைத்து, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் மாட்டி முடிக்கும்வரை ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தார். வாசலிலிருந்து பின்சுவர்வரை பாதையின் இரு பக்கமும் விளக்கை வரிசையாக நட்டிருந்தேன். பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். கண் கூசியது. கடையில் ட்யூப்லைட்டுக்கு நடுவே அடக்கமாய் எரிந்த விளக்குகள் இங்கே பேயாட்டம் ஆடின.

பெரியவர் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, ஏரோப்ளேன் ஏதாவது எறங்கப் போகுதா?"

எனக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பும் வந்துவிட்டது. மறுநாள் பாதியைப் பிடுங்கினேன். மீதியில் அரைவாசியை மங்கலான பல்பாக மாற்றினேன். பாதை ஓரமாக இல்லாமல் செடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பின்பக்கத்தில் ஒரு எலுமிச்சை மரம், அதனடியில் ஒரு பெஞ்சு. பெரியவர் தினமும் உட்காருவது அங்கேதான். அதற்கு மட்டும் ஒரு விளக்கைத் தனியாக, மரத்தைப் பார்க்கத் திருப்பி நட்டேன். அது எரிந்ததும் இலைக்குள் இருந்த காயெல்லாம் மஞ்சளாக எழுந்து வந்தது. நானா செய்தேன் என்று நானே வாயைப் பிளந்து நின்றேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். முகத்தில் ஏனோ சுரத்தில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் இருந்த போன் ஒரு தடவை 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்து, திரும்பக் கவிழ்த்து வைத்தார்.

மகன் எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார். நாலு வீடும் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே மகன் கூப்பிட்டார். மரத்தடி விளக்கு மட்டும் எரியவில்லையாம், அப்பா தெரியவில்லையாம். ஓடினேன். மண்ணைக் கிளறினால் இணைப்பு கழன்று கிடந்தது. ஈரம் புகாத மூடியைப் போட்டு அழுத்தியிருந்தேனே! கை அழுந்தவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு புதிதாகப் போட்டேன். அடுத்த நாள் மறுபடி போன். மறுபடி அதே இடம். இந்த முறை மூடிக்குமேல் டேப்பையும் சுற்றினேன். அதுவும் நிலைக்கவில்லை. மகனின் குரலில் இருந்த 'மேடம்' தேய்ந்துகொண்டே வந்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் அந்தக் கேள்வியையும் நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகுதான் மூளை வேலை செய்தது. எத்தனையோ விளக்கு இருக்க, இது ஒன்றை மட்டும் கழற்றுகிற ஈரம் எது? பெருச்சாளியாகத்தான் இருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று, அன்று இணைப்பைச் சரிசெய்துவிட்டு, போகிற மாதிரி போக்குக் காட்டி, சாமான் அறைக்குப் பின்னால் கடப்பாரையோடு உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. நான் வைத்திருந்த டைமரில் விளக்குகள் தாமாக எரிந்தன.

பெருச்சாளி வரவில்லை. பெரியவர் வந்தார். பாதை வழியாக வராமல், கேமராவின் கண் படாத சுவரோரமாகச் சுற்றி மரத்துக்குப் பின்னால் வந்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மெல்லக் குனிந்தார். தடியின் நுனியால் மண்ணைத் தள்ளி ஒயரைச் சுண்டி இழுத்தார். மரம் அணைந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து ஓர் அடி வைத்திருப்பேன், போன் அடித்தது. 'டிங்' இல்லை, முழு மணி.

"சொல்லுப்பா... இங்கதான்டா இருக்கேன், பெஞ்சுலதான்... அப்படியா, தெரியலையா? மறுபடி கெட்டுப்போச்சு போல... சாப்பிட்டேன். நீ சாப்டியா? என்ன சாப்டே?... இருமுறியே, மருந்து ஏதாவது எடுத்தியா?... குட்டிக்குப் பல் முளைச்சிடுச்சா? எங்க, மேலயா கீழயா?"

அந்தக் குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. கடப்பாரையைக் கீழே வைத்தேன். அது கல்லில் பட்டுச் சத்தம் போட்டுவிட்டது.

அவர் பேசி முடித்து என் பக்கம் திரும்பினார். திருடன் மாட்டிக்கொண்ட முழி.

"ஐயா, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே" என்றேன். "நாலு நாளா என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"தப்புதாம்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவனுக்கு அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். அப்பதான் கேமராவைத் திறந்து பார்ப்பான். இருட்டா இருந்தா நான் தெரிய மாட்டேன். உடனே போன் பண்ணி, 'அப்பா எங்க இருக்கீங்க'ம்பான். எங்கன்னு சொன்னதோட முடிஞ்சிடாது இல்ல, அப்படியே ரெண்டு வார்த்தை பேசுவான். நீ லைட் போட்ட அன்னிக்கு, 'நல்லாத் தெரியுறீங்கப்பா'ன்னு ஒரு கட்டைவிரல் வந்துச்சு. அதோட சரி."

"அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே, தினம் பேசுப்பான்னு?"

"சொன்னா பேசுவான். நல்ல பையன். ஆனா கடனேன்னு பேசுவான்மா. இப்ப பதறிப்போய் கூப்பிடுறான் பாரு, அது வராது."

கழன்று கிடந்த ஒயரை இணைக்காமலே மண்ணைத் தள்ளி மூடினேன். மற்ற விளக்குகள் தூரத்தில் அழகாகத்தான் எரிந்தன.

மறுநாள் காலையில் அந்த விளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மகனுக்கு நானே போன் செய்தேன்.

"மரத்தடியில லைட் நிக்காது சார். அங்க மண்ணு சரியில்ல, ஒரே ஈரம். நான் பண்ணிப் பார்த்துட்டேன், என்னால முடியல."

"முடியலன்னா? அப்பா அங்க இருக்காரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேட்டுக்குங்க சார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "வேலை தெரியாதவங்ககிட்ட குடுத்தது என் தப்பு. என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன்."

நாக்கு நுனிவரை வந்தது. என் கையில் தப்பில்லை, உங்கள் அப்பாவின் தடியில்தான் தப்பு என்று ஒரே வரி. நாலு வீடும் திரும்பி வந்துவிடும்.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். காலமெல்லாம் பல்பு விற்றவள், என் முதல் வேலையில் இப்படியாகப் பல்பு வாங்கினேன். வலித்தது. அழவும் செய்தேன், பொய் சொல்வானேன்.

அன்று சாயங்காலம் பெரியவருக்கு விஷயத்தைச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். 'நீங்கள் அழைக்கும் நபர் மற்றொரு அழைப்பில் இருக்கிறார்' என்றது பதிவுக்குரல். பத்து நிமிடம் விட்டுக் கூப்பிட்டேன். அப்போதும் அதையே சொன்னது. அந்தக் குரல் அவ்வளவு இனிமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. அது தானாக நிற்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

போனை வைக்கப் போகும்போதுதான் அண்ணனின் பூப்படம் வந்து கிடப்பதைப் பார்த்தேன். காலையில் இருந்த மனநிலையில் திறக்கவில்லை. விரலைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துக்கொண்டேன். நீலக் கோடு விழாவிட்டால், இவள் எங்கே, தெரியவில்லையே என்று அவருக்கும் தோன்றாதா? தோன்றினால் கூப்பிட மாட்டாரா?

அடுத்த நாள் ரோஜா வந்தது. அதற்கடுத்த நாள் தாமரை. போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்றோடு ஆறு பூ சேர்ந்திருக்கிறது.