வளைந்த மதில்

குழந்தைவேல் ஹம்பிக்குப் பை கட்டிய அழகைப் பார்த்தால், மனுஷர் படையெடுத்துத்தான் போகிறார் என்று நினைப்பீர்கள். யூனியன் ஆபீஸில் ஓய்வு பெற்ற நாள் முதல் அந்தக் கல்தூண்களைத் தன் கையால் படம் எடுக்க வேண்டும் என்று ஒரே ஆசை. கேமரா இருந்தது, லென்ஸ்தான் அமையவில்லை. பெரம்பலூரில் பழைய கேமரா விற்கும் சாகுலிடம் அவர் வாங்கிப் பார்த்த கண்ணாடியில் ஒரு ரயிலுக்கே ஜன்னல் போட்டிருக்கலாம்.

சாகுல், துபாயிலிருந்து திரும்பிய லப்பைக்குடிக்காட்டுக்காரர். முதலில் வைட் லென்ஸ் கொடுத்தார். குழந்தைவேல் அதை ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கொண்டுபோய், இடக்கண்ணை இறுக மூடி, வலக்கண்ணைக் கேமராவில் ஒட்டவைத்தார். நேரான மதில், எலியை விழுங்கிய பாம்பு போல நடுவில் புடைத்திருந்தது. ஃபிலிம் காலத்துச் சிக்கனம் அவருக்கு. பார்வைக்குச் சரியில்லாததைப் படம் பிடிக்கவே மாட்டார். பொத்தானைத் தொடாமலே திரும்பினார்.

"பாய், உங்க லென்ஸு கோட்டையவே வளைச்சிடுச்சு."

"வைட்னா கொஞ்சம் வளைக்கும் சார். ஜூம் கொண்டு போங்க."

ஜூம், அம்மிக்கல் கனம். அதைச் சுமந்ததில் அவர் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது. மதில் அதிலும் வளைந்தது. அடுத்து எலுமிச்சம்பழ அளவில், ஜூம் ஆகாத ஒரு பிரைம் லென்ஸ். அதில் புடைப்போடு சாம்பல் படலம் வேறு.

"பூஞ்சை புடிச்சத எந்தலையில கட்டிட்டீங்க பாய்."

"டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன் சார், ஒரு தூசி இல்ல. வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க."

மறுபடி கோட்டை. இந்தத் தடவை மனைவி வேணியும் வந்தார். கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"நேராத்தானங்க இருக்கு?"

"நல்லாப் பாரு."

"நானும் நாலு தரம் பாத்துட்டேன். ஒங்களுக்குக் குறை சொல்லாட்டி சோறு எறங்காது."

குழந்தைவேல் கேமராவை வாங்கி, முதல் தடவையாக இடக்கண்ணை வைத்துப் பார்த்தார். மதில் நூல் பிடித்தாற்போல நின்றது. கேமராவை இறக்கினார். இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வேணியைப் பார்த்தார். சேலை தெரிந்தது, காது தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் சாம்பல்.

திருச்சியில் கண் டாக்டர் கேட்டார்: "எப்பலேருந்து இப்படி?"

வேணிதான் பதில் சொன்னார். "தை மாசத்துலேருந்து சார். லென்ஸு சரியில்லன்னு மாத்திக்கிட்டே இருந்தாரு."

"அப்பவே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம்மா. இப்ப விழித்திரையில தழும்பாயிடுச்சு. அந்தக் கண்ணுல நடுப்பார்வை இனி திரும்பாது."

"இன்னொரு கண்ணு?" என்றார் குழந்தைவேல்.

"அதுக்கும் வரலாம். தினமும் வலக்கண்ண மூடிக்கிட்டு ஏதாவது நேர்க்கோட்டப் பாருங்க. வளைஞ்சா அன்னைக்கே வந்துடணும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் வேணி மெல்லக் கேட்டார்: "ஹம்பி டிக்கெட்ட என்னங்க பண்றது?"

"போவோம். அந்தச் சின்ன லென்ஸு போதும். இடக்கண்ணால எடுத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் வலக்கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கம்பத்துக்குக் கம்பம் ஓடிய மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாடாலூர் தாண்டி ஓரிடத்தில் கம்பி கொஞ்சம் வளைந்தது.

"வேணி, அந்தக் கம்பி தொய்ஞ்சா கெடக்கு?"

"எந்தக் கம்பி?"

பஸ் அந்த இடத்தைத் தாண்டி வந்திருந்தது.