அடிக்கிற பட்டறையும் பத்த வைக்கிற பெண்ணும்

எங்கள் ஏலாக்குறிச்சித் தெருவில் வெல்டிங் செய்வதைப் ‘பத்த வைப்பது’ என்போம். பெரம்பலூரில் பாத்திமா பீவியின் பட்டறையில் அதையே ‘அடிப்பது’ என்பார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஷைனிக்குக் கிடைக்க இருந்த வேலை போகப் பார்த்தது.

ஷைனி என் பக்கத்து வீட்டு செபஸ்டினின் மகள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு முடித்தவள். போன வருடம் எங்கள் தெருமுனைத் தோட்டத்துக் கேட்டில் கீல் விட்டுப்போனது. அவள்தான் பத்த வைத்தாள். மறுநாள் குழந்தைவேலின் எருமை வந்து முட்டியதில் சுற்றுச்சுவர் முழுக்க விழுந்தது. ஷைனி வைத்த ஒட்டு விடவில்லை. இப்போது சுவர் கிடையாது, கேட்டு மட்டும் நிற்கிறது. நாங்கள் அதைத் திறந்துதான் உள்ளே போகிறோம். எருமையும் அப்படித்தான்.

செபஸ்டின் குடும்பத்தில் பாதிப் பேர் வாத்தியார்கள். மகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க அவனுக்கு ஆசை.

"திங்கக்கிழமைக்குள்ள ஏதாச்சும் ஒரு பட்டறைல ஒன்ன எடுத்துக்கிட்டா போ. இல்லன்னா மறுபேச்சு பேசாம டீச்சர் ட்ரெயினிங்ல சேந்துடணும்" என்று சொல்லிவிட்டான்.

ஷைனி ஏறாத பட்டறை இல்லை. எல்லா இடத்திலும், "பொண்ணா? பில்லு போடுற வேலைன்னா சொல்றோம்மா" என்றார்கள். பாத்திமா பீவி மட்டும், சனிக்கிழமை நேரில் வா, பார்க்கலாம் என்றார். புருஷன் போன பிறகு பட்டறையைத் தானே நடத்துகிற அம்மாள். எச்சரிக்கையான ஆள். ஆகவே வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெண்ணைப் பற்றி விசாரிக்க வீட்டுக்கே போன் போட்டார். ஷைனி வெளியே போயிருந்தாள். அவள் அம்மா அற்புதம்மாள் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு எப்படிம்மா?"

"தங்கமான பொண்ணுங்க. எங்க போனாலும் நல்லா பத்த வைப்பா."

எங்கள் தெருவுக்கு வெளியே இருக்கிற உலகத்தில், பத்த வைப்பவள் என்றால் இரண்டு பேருக்கு நடுவில் சண்டை மூட்டிவிடுபவள்.

"பத்த... வைப்பாளா?"

"ஆமாங்க. அவ மாமா வூட்டுல பத்த வச்சா. கோயில்ல கூட பத்த வச்சா. பங்குச்சாமியே கூப்பிட்டு மந்திரிச்சு அனுப்பினாருன்னா பாத்துக்குங்க."

மந்திரிப்பது என்றால் எங்களுக்குப் பாதிரியார் கொடுக்கிற ஆசீர்வாதம். மற்றவர்களுக்குப் பேய் ஓட்டுவது.

"யா அல்லா!" என்றது போன். "எங்களுக்கு நல்லா அடிக்கிற பொண்ணுதாம்மா வேணும்."

அற்புதம்மாள் பதறிப்போனாள். "அய்யோ, எங்க பொண்ணு யாரையும் அடிக்காதுங்க! பத்த மட்டுந்தான் வைக்கும்!"

போன் வைக்கப்பட்டது.

"மாமா, அடியாளுக்கு ஆளெடுக்கிறாங்க போலருக்கே?" என்று அற்புதம்மாள் என்னைப் பார்த்தாள். நான் விளக்கியிருக்கலாம். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

எதுவானாலும் நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று ஷைனி சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டாள். துணைக்கு நான், அவளுக்குத் தாத்தா முறை. பஸ்ஸில் அவளிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அரியலூர் தாண்டியதும் முன்னால் ஒரு சிமெண்டு லாரி. அந்தத் தூசியில் வாயைத் திறந்து பேசிய ஒருவர், மேலே தண்ணீரும் குடித்துவிட்டார். பெரம்பலூரில் இறங்கிக் கொத்தனாரை வைத்துத்தான் அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. எனவே நான் வாய் திறக்கவில்லை.

பட்டறை வாசலில் பாத்திமா பீவி நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு. உட்காருகிற இரும்பு நாற்காலி ஒரு கால் விட்டுப்போய்ப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

"உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றார் ஷைனியிடம். "என் பட்டறைல பயலுவ ஒத்துமையா இருக்கானுவ. பத்த வைக்கிற ஆளு இங்க வேணாம். போயிட்டு வாம்மா."

ஷைனிக்கு முகம் விழுந்துவிட்டது. "பத்த வைக்கத்தானேம்மா வந்தேன்?"

"மூஞ்சிக்கு நேராவே சொல்லுது பாருங்கண்ணே!" என்று அவர் என்னிடம் முறையிட்டார். நான் இருமினேன். தூசி.

ஷைனி திரும்பி நடக்கவில்லை. குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தாள். "இத யாரு பத்த வச்சது? ஓட்டை ஓட்டையா போட்டு வச்சிருக்காங்க?"

பாத்திமா பீவி நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அட, நீ அடிக்கிறதையா பத்த வைக்கிறதுங்கிற?"

"வேற எத பத்த வைப்பாங்க? நீங்க ஏன் அடிக்கிறதுங்கிறீங்க?"

உள்ளேயிருந்து மணிவேல் என்கிற வெல்டர் சிரித்துக்கொண்டே வந்தான். "அது மெல்லிசு குழாயி, தங்கச்சி. பேப்பர் மாதிரி. தொட்டாலே ஓட்டை விழுது. வம்புல மாட்டாத."

"அடி, பாப்போம்" என்றார் பாத்திமா பீவி. "ஒட்டு நின்னா வேலை. நான் விழுந்தா நீ ஊருக்கு."

ஷைனி முகமூடியை மாட்டிக்கொண்டாள். கரண்டைக் குறைத்து, சன்னமான வெல்டிங் ராடாக எடுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டே போகாமல் பொட்டுப் பொட்டாக வைத்தாள். ஒரு பொட்டு, ஆறவிடுவது, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. மணிவேலுக்குக் கொட்டாவி வந்தது. "கோலமா போடுற?" என்றான். அவள் அடுத்த பொட்டை வைத்தாள். கடைசியில் சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தாள்.

"கொஞ்சம் ஆறட்டும்மா."

"நின்னு நின்னு என் காலு விட்டுப்போச்சு" என்று பாத்திமா பீவி உட்கார்ந்தார்.

கிர்ர் என்று ஒரு சத்தம். எல்லாரும் பின்னால் நகர்ந்தோம். ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள். தரைதான். நாலு விரற்கடை இறங்கியிருந்தது. நாற்காலிக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே பாத்திமா பீவி ஏலாக்குறிச்சிக்குப் போன் போட்டார்.

"உங்க பொண்ணு பிரமாதமா அடிக்குதும்மா! நானே இருந்து பாத்துட்டேன். திங்கக்கிழமையிலருந்து தெனமும் வந்து அடிக்கட்டும்."

"அடைக்கல மாதாவே!" என்ற குரல் எனக்கே கேட்டது.

ஷைனி போனை வாங்கினாள். "அம்மா, வேலை கெடச்சிடுச்சு. ட்ரெயினிங் போவலன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

அற்புதம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"கூட வந்த தாத்தாவுக்குப் பலமா அடியா?"